ஒரே மீட்டரில் இரண்டு வீடு

ஜூன் 4

கீழ் வீட்டுக்கு,

இனி உனக்கும் எனக்கும் எழுத்தில்தான் பேச்சு என்று, வீட்டைப் பிரித்த அன்றைக்கு நீதான் சொன்னாய். சொன்னேன், சொல்லவில்லை என்று பின்னால் யாரும் வரக் கூடாதாம். அதனால் எழுதுகிறேன். ஆசைப்பட்டு எழுதவில்லை.

நேற்றுக் காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் விசில் சத்தம். குக்கர் என்று திரும்பினால், நான் குக்கரே வைக்கவில்லை. அடுத்து உன் குரல். "வந்துட்டேங்க, வந்துட்டேன். என் ராஜால்ல, ஒரே ஒரு வாய் வாங்கிக்கோங்க." பால் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம்.

சத்தம் வந்தது என் பேச்சுப் பெட்டியிலிருந்து. போன வாரம்தான் வாங்கினேன். ஒன்றை அடுப்படி பிளக்கில் செருகினேன், ஜோடிப் பெட்டியை மொட்டை மாடி அறையில். தனியாக ஒயர் எதுவும் இழுக்க வேண்டாம். சுவருக்குள் கரண்ட் ஓடுகிற ஒயரிலேயே குரலும் ஓடிவிடும். மாடியில் மரம் இழைத்துக்கொண்டு கிடக்கும் இவரைச் சாப்பிடக் கூப்பிட வாங்கினேன். முதல் நாளே அவர் தன் பெட்டியைப் பிடுங்கிவிட்டார். "உன் குரல் கேக்காத இடம்னுதான் மாடிக்கே வந்தேன்" என்கிறார். அது வேறு கதை.

நீ வாங்கினாய் என்பதற்காக நான் வாங்கவில்லை. நீ வாங்கியது எனக்கு எப்படித் தெரியும் என்றால், காலி அட்டைப் பெட்டியைத் தெருவே பார்க்கிற மாதிரி வாசலில் வைத்தது நீ.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர்னா ஒரே லைன்தாம்மா. பெட்டியும் ஒரே மாடல். கீழ பேசினா மேல கேக்கத்தான் செய்யும்" என்றார். அவர் முன்னால் எனக்கு மானம் போனது. தண்ணீர்த் தொட்டியைப் பிரித்தோம், மாடிப்படியைப் பிரித்தோம், அப்பாவின் நாற்காலிகளைக்கூடப் பிரித்தோம். மீட்டரை மட்டும் பிரிக்கவில்லை. அப்பா பெயரில் இருக்கிற மீட்டர் யாருக்கு என்று நீயும் விடவில்லை, நானும் விடவில்லை. இப்போது உன் கொஞ்சலைக் கேட்டுக்கொண்டு நான் சமைக்க வேண்டியிருக்கிறது.

உன் பெட்டியை எடுத்துவிடு.

மேல் வீடு

*

ஜூன் 5

மேல் வீட்டுக்கு,

என் பெட்டியை எடுக்க முடியாது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதுவதால் நானும் உனக்குத் தெரியாத மாதிரியே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கை விழுந்துவிட்டது. வாய் கோணிவிட்டது. நாக்கும் எழவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஊரே வந்தது. மேல் வீட்டிலிருந்து ஒரு செருப்புச் சத்தம்கூட இறங்கி வரவில்லை.

அவரால் கூப்பிட முடியாது. அதனால் கண்டக்டர் வேலைக்குப் போன காலத்து விசிலையே கழுத்தில் மாட்டிவிட்டேன். ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து, அதாவது வா. இரண்டு விசில் என்றால் போகலாம், அதாவது ஒன்றுமில்லை. அவர் கட்டில் பக்கத்துப் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன், நான் அடுப்படியில் நின்றாலும் கேட்க வேண்டும் என்று. உனக்குப் பொழுதுபோகட்டும் என்று இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். இந்தச் சில மாதங்களுக்குள் வாய் திறந்து முயற்சி செய்தால்தான் பேச்சு திரும்புமாம். விட்டால் விட்டதுதானாம். அவர் முயற்சியே செய்வதில்லை. அவள் அட்டையில் படத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் கெஞ்சினால் கண்ணை மூடிக்கொள்கிறார். எனக்கு இப்போது இருக்கிற கவலை அது ஒன்றுதான். உன் பால் இல்லை.

நான் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவது காலையில் மட்டும். மதியம் முதல் வீட்டில்தான் இருப்பேன். சத்தம் பிடிக்கவில்லை என்றால் உன் பிளக்கைப் பிடுங்கு. எப்படியும் உன் வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லையே.

கீழ் வீடு

*

ஜூன் 9

கீழ் வீட்டுக்கு,

என் வீட்டுப் பிளக்கைப் பிடுங்கச் சொல்ல நீ யார்?

நேற்றுச் சாயங்காலம் உங்கள் பாடத்தைக் கேட்டேன். கேட்காமல் இருக்க வழியில்லை. "இது என்ன? நா... நாய். எங்க, சொல்லுங்க பார்ப்போம்." கூடவே நீயும், "சொல்லுங்க, சமத்துல்ல." என் பேத்தியிடம் இப்படிப் பேசினால் அவளே முறைப்பாள். நெருக்கியடிக்கிற பஸ்ஸில், வாசலில் நின்று ஒரு அதட்டல் போட்டு மொத்தக் கூட்டத்தையும் உள்ளே தள்ளிய ஆளிடம் நாய் படத்தைக் காட்டினால் அந்த ஆள் பேசுவாரா, கடிப்பாரா?

நான் அவரைப் புகழவில்லை. கண்டக்டர் என்றால் கண்டக்டர்தான். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். நம் அப்பா பார்த்த வரனை விட்டுவிட்டு, தினமும் அந்த பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து உட்கார்ந்தே கல்யாணத்தை முடித்துக்கொண்டவள் நீ. நம் வீட்டு வாசலில் நின்றே உன்னைக் 'கடைசி சீட்டு, கடைசி சீட்டு' என்று கூப்பிடுவார். எனக்குக் காது கூசும். அவ்வளவு சத்தம் வைத்திருந்தவர் இப்போது 'ஆ' என்று சொல்லமாட்டார் என்றால், அது வியாதி பாதி, உன் செல்லம் பாதி.

இன்னொன்று. நீ கடைக்குப் போன பிறகு காலை முழுக்க விசில். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் யாருக்கு ஊதுகிறார்? "யோவ் கண்டக்டர், இங்க பஸ் எதுவும் ஓடலை. ஊதாம உக்காருய்யா" என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகும் ஊதினார்.

மேல் வீடு

*

ஜூன் 17

மேல் வீட்டுக்கு,

அவரிடம் நீ பேசினாயா? எந்த உரிமையில்?

என்ன சொல்லித் தொலைத்தாய் என்று தெரியவில்லை. ஒரு வாரமாக நான் மதியம் வரும்போது முகம் சிவந்து கிடக்கிறார். சட்டை முன்பக்கம் எச்சிலில் நனைந்திருக்கிறது. கரண்டியால் ஊட்டினால் தட்டிவிடுகிறார். முந்தாநாள் தனியாக உட்கார்ந்து சிரித்தார். ஏன் என்று கேட்டால் மேலே கையைக் காட்டி மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். உன் வீட்டில் ஏதோ தீய்ந்ததாம். என்னால் சிரிக்க முடியவில்லை. புத்தி பேதலிக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. மனசு அலைபாயக் கூடாது, கோபம் ஏறக் கூடாது என்று பயிற்சி கொடுக்கிற பெண் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நடக்க முடியாத மனுஷனை, பதில் பேச முடியாத மனுஷனை, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏசுவதற்கு உனக்கு மனசு வருகிறது. உன்னிடம் நான் வேறு எதையும் எதிர்பார்த்ததில்லை. அதனால் ஏமாற்றமும் இல்லை.

எலக்ட்ரீஷியனைப் பார்த்துவிட்டேன். உனக்குத் தனி மீட்டர், தனி லைன். எனக்குத் தனி மீட்டர், தனி லைன். பிரித்துவிட்டால் உன் குரல் இங்கே வராது என்கிறார். அப்பாவின் பழைய மீட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டிய விண்ணப்பம் இதோடு இருக்கிறது. எனக்கு அந்த மீட்டரே வேண்டாம். நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள். கையெழுத்தை மட்டும் போடு.

கீழ் வீடு

*

ஜூன் 20

கீழ் வீட்டுக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துணியால் துடைத்து வைத்த மீட்டர் அது. அதைக் கழற்றிக் குப்பையில் போட உனக்குக் கை வரலாம். எனக்கு வராது. இத்தனை வருஷம் கேட்காத தனி லைனை இப்போது கேட்கிறாய். எலக்ட்ரீஷியன் சொன்னால் கேட்பாய், கடைக்காரன் சொன்னால் கேட்பாய், பயிற்சிக்காரி சொன்னால் கேட்பாய். கூடப் பிறந்தவள் சொன்னால் மட்டும் உனக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

அந்தப் பெண்ணை முதலில் நிறுத்து. கோபம் ஏறக் கூடாதாம். கண்டக்டருக்குக் கோபம் ஏறாமல் பேச்சு எங்கிருந்து வரும்? அந்த ஆளுக்குத் தெரிந்த பேச்சே அதுதானே.

சட்டை நனைந்தால் துவைத்துப் போடு. அதற்கெல்லாம் கண்ணீர் விடாதே. தினமும் அந்த உப்பில்லாத கஞ்சியையே நீட்டினால் யார்தான் கரண்டியைத் தட்டிவிட மாட்டார்கள்? எலுமிச்சம்பழமாவது நாலு சொட்டுப் பிழி.

ஒரு மாதம் பொறு. அதுவரை மீட்டரைப் பற்றிப் பேசாதே. காரணம் கேட்காதே. சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மேல் வீடு

*

ஜூன் 23

அக்கா,

கஞ்சியில் உப்பில்லை என்று உனக்கு யார் சொன்னது?

உப்பு சேர்க்கக் கூடாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டி முன்னால் நின்றும் சொல்லவில்லை. சாப்பிடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன். கதவைத் திறக்காமல் பக்கவாட்டுச் சந்தில் போய் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். என் வீட்டில் நானே திருடி மாதிரி.

உன் குரல் கேட்டது. "யோவ், வழியறதைத் தொடைச்சுட்டுப் பேசு. பஸ்ஸுல ஜன்னலோரம் வாந்தி எடுக்கிறவன் மாதிரி இருக்கு."

அவர் சொன்னார். அவர்தான். பெட்டியை இடது கையால் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க. "உ... உன்... பால்... தீ... தீஞ்சிது. மூ... மூதேவி."

நீ சொன்னாய்: "மூதேவின்னு சுத்தமா வருது. மத்ததெல்லாம் மென்னு துப்புற. திரும்பச் சொல்லு."

அவர் திரும்பச் சொன்னார். நீ சிரித்தாய். அவர் உன்னை இன்னும் இரண்டு வார்த்தை திட்டினார். அதை நான் எழுத மாட்டேன். ஆனால் இரண்டும் எனக்குப் புரிந்தன, அக்கா. தெளிவாகப் புரிந்தன.

நான் உள்ளே போனேன். பெட்டியை டப்பென்று மடியில் போட்டார். "பேசினீங்கல்ல. என்கிட்ட ஒண்ணு சொல்லுங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். காலைப் பிடித்துக் கேட்டேன். இரண்டு விசில் ஊதினார். ஒன்றுமில்லையாம், போகலாமாம்.

நாலு மாதமாக நான் துடைக்கிறேன், கழுவுகிறேன், ஊட்டுகிறேன், தூக்கி உட்காரவைக்கிறேன். ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வாசல் ஏறி வந்து எட்டிப் பார்க்காத உனக்கு மட்டும் பேச்சு. உனக்கு அதில் என்ன சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே என் கையில் இருப்பது எதுவாக இருந்தாலும் உனக்கு வேண்டும். இந்தப் பெட்டியையும் அப்படித்தான் வாங்கினாய்.

வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். கையெழுத்துப் போட்டு அனுப்பு. போடாவிட்டால் என் பக்கத்து ஒயரை நானே வெட்டிக்கொள்கிறேன். இருட்டில் கிடந்தாலும் பரவாயில்லை.

கீழ் வீடு

*

ஜூன் 24

கீழ் வீட்டுக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விண்ணப்பம் இதோடு இருக்கிறது. இனி நான் தடுத்தேன் என்று நீ சொல்லக் கூடாது.

நடந்ததைக் கேள். ஒரே தடவைதான் எழுதுவேன்.

ஊதாதே என்று நான் அதட்டிய அன்றைக்கு உன் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். எனக்குப் போகலாமாம். என் வீட்டு அடுப்படியில் என்னையே போகச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "பங்க்சர் ஆன டயருக்கு இருக்கிற மரியாதைகூட உனக்கு இல்லய்யா. அதாவது உருளும்" என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. செத்துக்கித்து வைத்துவிட்டாரோ என்று எனக்கே பகீர் என்றது. செருப்பைத் தேடினேன். அப்போது பெட்டியிலிருந்து தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு, "போ... போடி."

நாலு மாதம் கழித்து அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. என்னைப் பெற்றவர்கூட என்னை 'டி' போட்டதில்லை.

கீழே இறங்கி வந்து நாலு கேள்வி கேட்கலாம் என்று படி வரைக்கும் வந்தேன். வந்தால் நீயும் நானும் பேச வேண்டியிருக்கும். திரும்பிப் போய்ப் பெட்டியை அழுத்தி, "என்னய்யா சொன்ன? சரியாக் கேக்கலை" என்றேன். மறுபடி சொன்னார். முன்னைவிடத் தெளிவாக. அன்றிலிருந்து தினமும் நடக்கிறது. நான் ஒன்று சொல்வேன், அவருக்குச் சுருக்கென்று தைக்கும், திருப்பிச் சொல்ல வாயைப் பிய்த்துக்கொள்வார். எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும். "வெளங்கலை, திரும்பச் சொல்லு" என்பேன். அவ்வளவுதான் என் வைத்தியம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வாய்க்கு வாய் திட்டு வாங்குகிறேன்.

உன்னிடம் ஏன் பேசவில்லை என்கிறாய். நான் கேட்டேன். "அவ கிட்ட... கோணலா... வரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன். உன் கண்ணில் அவர் இன்னும் அந்த பஸ் வாசலில் தொங்கிக்கொண்டு வருகிற ஆள். உன் முன்னால் எச்சில் வழிய, கொச்சை கொச்சையாகப் பேச அவருக்கு வெட்கம். என்னிடம் என்ன வெட்கம்? என் கண்ணில் அவர் என்றைக்குமே மட்டம்தான். அதிலிருந்து இறங்க இடமில்லை. அதனால் நிம்மதியாக உளறுகிறார்.

நீ ராஜா, சமத்து என்கிறாய். அவர் வாயை மூடிக்கொள்கிறார். நான் பங்க்சர் என்கிறேன். திறக்கிறார். உன் வீட்டுக்காரரின் லட்சணம் அப்படி.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதும் அவர்தான். ஒரே ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நாலு நாளாக மல்லுக்கட்டுகிறார். அது சரியாக வந்த பிறகுதான் உனக்குத் தெரிய வேண்டுமாம். என்னவென்று நான் சொல்ல மாட்டேன். வருகிற விதத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சிரிக்கச் சிரிக்கத் திரும்பச் சொல்கிறார். அதற்குத்தான் ஒரு மாதம் கேட்டேன்.

உன் கையில் இருப்பதெல்லாம் எனக்கு வேண்டும் என்கிறாய். பெட்டி விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கண்டக்டர் எனக்கு எதற்கு? வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை வெட்டுவதானால் வெட்டு.

மேல் வீடு

*

ஜூன் 28

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லி உனக்குச் சந்தோஷம் கொடுக்க மாட்டேன். படித்த பிறகும் வெட்டுவது என்றுதான் இருந்தேன். உன் நாக்கால்தான் என் வீட்டு மனுஷனுக்குப் பேச்சு வர வேண்டும் என்றால், அந்தப் பேச்சே எங்களுக்கு வேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதை மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தார். வாசலில் மீட்டருக்குக் கீழே ஏணியைச் சாத்தினார். "மெயினை ஆஃப் பண்ணவாம்மா?" என்று கேட்டார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு விசில். நீளமாக.

நான் போகவில்லை. திரும்பவும் ஒன்று. எலக்ட்ரீஷியன், "யாரோ நிறுத்தச் சொல்றாங்க" என்று ஏணியிலேயே நின்றுவிட்டார். அதற்கப்புறம் விசில் வரவில்லை. குரல் வந்தது. பெட்டியிலிருந்து இல்லை, கட்டிலிலிருந்து, நேராக, வாசல் வரைக்கும்.

"கதே... கதேசி... சீத்து."

நான் அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"கடேசி சீட்டு. ஆளை... அனுப்பு."

எலக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டேன். என்ன காரணம் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

உள்ளே போனபோது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வாய் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. அதோடுதான் பேசினார். நான் தட்டுத்தடுமாறி, "என் ரா..." என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன். "நாலு நாளா இதைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியலையா உங்களுக்கு?" என்றேன். அப்படிச் சிரித்தார், அக்கா. எச்சில் என் கை மேலேயே வழிந்தது. துடைக்கச் சொல்லி அவரும் காட்டவில்லை, நானும் துடைக்கவில்லை.

இதற்காக நான் உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. ஆஸ்பத்திரிக்கு நீ வராதது வராததுதான். பயிற்சிக்காரப் பெண் தொடர்ந்து வருவாள். ஆனால் நாய் படத்தை இனி எடுத்துவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் கடையில் இருக்கிற காலை நேரம் உன்னுடையது. மதியம் நான் வந்ததும் உன் பெட்டியைப் பிடுங்கிவிட வேண்டும். அதற்கு மேல் நாங்கள் பேசுவது உனக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. 'மூதேவி'யைத் தவிர வேறு ஏதாவதும் சொல்லிக்கொடு. அதையே எனக்கும் சொல்கிறார்.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன். உன் கையெழுத்து என்னிடம் எதற்கு?

தங்கை

*

ஜூன் 29

தங்கச்சிக்கு,

விண்ணப்பத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில்தான் எழுதுகிறேன். உனக்காக ஒரு நல்ல தாளைச் செலவழிக்க நான் தயாரில்லை.

மதியம் பிளக்கைப் பிடுங்கச் சொல்ல நீ யார் என்று முன்னாலேயே கேட்டிருக்கிறேன். அதே கேள்விதான் இப்போதும். ஆனால் மதியத்தில் நான் எப்படியும் தூங்குவேன், அதனால் பிடுங்கி வைப்பேன். நீ சொன்னதற்காக இல்லை.

மூதேவியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவர் வீட்டுச் சொத்து.

உன் கண்டக்டரிடம் ஒன்று சொல்லிவை. என் பால் தீயவில்லை, அடிப்பிடித்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்குப் பேச்சு எதற்கு? அதைப் பற்றி அவரிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

நாளைக்கு நீ கிளம்பியதும் இரண்டு விசில் கொடுக்கச் சொல்.

அக்கா